தொடர்ந்து 31 தோல்வி, மனசை எப்படித் திடப்படுத்துவது?

கேள்வி: எனக்கு 28 வயது. காரைக்குடி பக்கம் ஊர், வீட்டிலிருந்தே கம்பெனி வேலை. மூன்று வருடம் ஆன்லைனில் போக்கர் என்ற சீட்டாட்ட டோர்னமென்ட் பணம் கட்டி ஆடினேன். 2025-இல் தடைச் சட்டம் வந்ததும் அது நின்றது. அதற்குள் 1.80 லட்சம் போய்விட்டது. அதில் 40,000 ரூபாய், முகப்பு ஓடு மாற்றச் சொல்லி அப்பச்சி (அப்பா) அனுப்பியது. இப்போது இலவச சிப் (காசு மதிப்பில்லாத பந்தய வில்லை) டோர்னமென்ட் மட்டும் ஆடுகிறேன். அதிலும் தொடர்ந்து 31 தடவை பரிசு இடத்துக்கு வராமலே வெளியேறிவிட்டேன். தூக்கம் இல்லை, ஆத்தாவிடம் எரிந்து விழுகிறேன். வெளிநாட்டுத் தளத்தில் ஆடினால் விட்டதைப் பிடிக்கலாம் என்கிறார் நண்பர். தோல்வியைத் தாங்கி ஆடுகிற மனசு வர என்ன செய்வது?

பதில்: தம்பி, அந்த 31-ஐ முதலில் பார்த்துவிடுவோம். நூறு பேர் ஆடும் டோர்னமென்ட்டில் சுமார் 15 பேருக்குத்தான் பரிசு. நூற்றுக்கு 15 தடவை பரிசு இடத்துக்கு வருகிற ஒருவர் அடுத்தடுத்து 20 தடவை வெறுங்கையோடு வெளியேறும் வாய்ப்பு நூற்றுக்கு 4. அதே ஆள் 1000 டோர்னமென்ட் ஆடினால், நடுவில் எங்காவது 30 தொடர்தோல்வி வராமல் போவதைவிட வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இன்னும் கிட்டே போய்ப் பாருங்கள். உங்களிடம் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு கிங். நடுவில் பொதுக் கார்டு விழும் முன்பே இருவரும் எல்லா சிப்பையும் வைத்துவிட்டீர்கள். நூற்றுக்கு 82 தடவை நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். ஒரே இரவில் இப்படி நான்கு கை, அதாவது நான்கு சுற்று, வந்தால்? நான்கிலும் தப்பிக்க நூற்றுக்கு 45 தான். நான்கு முறையும் சரியாக ஆடி, நான்கு முறையும் கை ஓங்கி நின்றும், பாதிக்கு மேற்பட்ட இரவுகளில் எங்கோ ஓரிடத்தில் அடி விழுந்துவிடும். பத்து இரவு இப்படிப் போனால் யாருக்கும் ‘நமக்கு மட்டும் ஏன்’ என்று தோன்றத்தான் செய்யும். உங்களுக்கு மட்டும் இல்லை, ஆட்டத்தின் அமைப்பே அதுதான்.

ஆனால் இந்தக் கணக்கு உங்களை நல்ல ஆட்டக்காரர் என்றும் சொல்லவில்லை. மோசமாக ஆடுபவருக்கும் இதே 31 வரும். எது என்று தெரிய ஒரு நோட்டு வையுங்கள். வெளியேறிய கையை, நீங்கள் முடிவெடுத்த இடம் வரைக்கும் மட்டும் எழுதுங்கள்: கையில் என்ன கார்டு, எவ்வளவு சிப், எதிராளி என்ன செய்தார், நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள். அப்புறம் விழுந்த கார்டை எழுதவே வேண்டாம். இரண்டு நாள் கழித்துப் படியுங்கள். அதே இடத்தில் அதையேதான் செய்வேன் என்று தோன்றினால் அந்தக் கை முடிந்தது. கூச்சமாக இருந்தால் அங்கேதான் பாடம் இருக்கிறது.

நம் ஊரிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போனவர்கள் மூன்று வருடம் இருந்து திரும்பினார்கள். குறிப்பேடு தினமும் எழுதுவார்கள், மொத்த லாப நஷ்டம் பார்த்து ஐந்தொகை போடுவது வேறு வேலை. நீங்கள் ஒவ்வொரு இரவும் படுக்கையில் ஐந்தொகை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தூக்கம் எப்படி வரும்?

சரி, கணக்கு புரிந்தாலும் மனசு கேட்காது. கடைசிக் கார்டு விழுகிறது, காது சூடாகிறது, நெஞ்சு படபடக்கிறது, பெருவிரல் அதற்குள் அடுத்த டோர்னமென்ட்டுக்குப் பதிந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் இதை டில்ட் என்பார்கள். பின்பால் மெஷினை ஆத்திரத்தில் ஆட்டினால் ‘டில்ட்’ என்று காட்டி நின்றுவிடும், அதிலிருந்து வந்த பெயர். என்னிடம் வந்த இன்னொரு தம்பியிடம் வேறெதுவும் சொல்லாமல், தோற்றதற்கும் மறுபடி பதிந்ததற்கும் நடுவில் எத்தனை நொடி என்று மட்டும் குறித்துவரச் சொன்னேன். முதல் வாரத் தாளில் 9, 6, 4, 11 என்று இருந்தது. தன் கையெழுத்திலேயே அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அந்த நான்கு நொடியில் மனசைத் திடப்படுத்த யாராலும் முடியாது. அதனால் ஏற்பாட்டைச் சாயங்காலமே செய்துவிட வேண்டும்: இன்று இரண்டு டோர்னமென்ட், பத்து மணிக்குமேல் பதிவு கிடையாது, தோற்றால் போனை வைத்துவிட்டு வளவில் அரைமணி நேரம் நடை. இரவு போன் சார்ஜ் ஏறுவது வீட்டுப் பட்டாசாலையில் (கூடத்தில்), ஆத்தா படுக்கும் பக்கம்.

இதெல்லாம் பிறகு ஆடுவதற்கு. இப்போதைக்கு ஒரு மாதம் இலவச சிப்பும் வேண்டாம் என்பேன். காசே இல்லாத ஆட்டத்தில் தோற்றதற்குப் பெற்றவளிடம் எரிந்து விழுகிறீர்கள் என்றால், வலி அந்த 31-இல் இல்லை, பழைய 1.80 லட்சத்தில் இருக்கிறது. கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-லேயே இதைக் கவனித்து எழுதினார்கள்: போனது போனதுதான் என்று மனம் ஒப்பாதவர், சாதாரணமாகத் தொடவே தயங்கும் பந்தயத்துக்கும் துணிந்துவிடுவார். உங்கள் நண்பர் காட்டுகிற வழி அந்தப் பந்தயம்தான்.

வெளிநாட்டுத் தளம் வேண்டவே வேண்டாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை வெளிநாட்டிலிருந்து இங்கே நடத்துவதையும் 2025 சட்டம் தடுக்கிறது. ஜெயித்த பணத்தை அவன் தராவிட்டால் நீங்கள் போய்க் கேட்க இடம் இல்லை. அதோடு, 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் சூதாட்டக் கோளாறுக்கு வகுத்த ஒன்பது அடையாளங்களில், விட்டதைப் பிடிக்கத் திரும்பப் போவது ஒன்று, வீட்டில் மறைப்பது ஒன்று. ஒரு வருடத்துக்குள் நான்கு இருந்தால்தான் கோளாறு என்பார்கள், அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் மறைப்பது ஏற்கெனவே இருக்கிறது, விட்டதைப் பிடிக்கும் ஆசை வாசலில் நிற்கிறது. ஒரு மாதம் நிறுத்த முடியாமல் கை பரபரத்தாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலோ, உடனே 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக அந்த 40,000. ஓடு ஏன் இன்னும் மாற்றவில்லை என்று அப்பச்சி கேட்கும் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு பொய் சொல்லவேண்டி வருகிறதே, தூக்கத்தைக் கெடுப்பதில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன். அடுத்த தடவை அவர் கூப்பிடும்போது, சாப்பிட்டாயா என்று கேட்டு முடித்ததும், தொகையை முதலில் சொல்லுங்கள். “அப்பச்சி, ஓட்டுக்கு அனுப்பிய நாற்பதாயிரம் என்னிடம் இல்லை. ஆன்லைன் ஆட்டத்தில் விட்டுவிட்டேன். மாதம் ஐயாயிரமாக எட்டு மாதத்தில் சேர்த்துவிடுகிறேன்.” ஆட்டத்தைப் பற்றிய விளக்கம், துரதிர்ஷ்டம், அந்த ஏஸ் கை, எதுவும் வேண்டாம். அவர் கோபப்படுவார், படட்டும். ஆத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள், அவர்களுக்கும் அப்போதே தெரிந்துவிடும். முதல் ஐயாயிரத்தை அந்த மாதச் சம்பளம் ஏறிய அன்றே தனியாக எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.