தொழில் கூட்டங்களில் தெரியாதவர்களிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

எம்பிஏ முதலாம் ஆண்டு படிக்கிறேன், தொழில்முனைவோர் கூட்டங்களுக்குப் போனால் கூட வந்த நண்பர்களோடே நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் படித்த முதல் வருஷம் நானும் இதே நிலையில்தான் இருந்தேன்.

வண்ணார்பேட்டையில் ஒரு ஹோட்டலில் சிறுதொழில் செய்பவர்களின் கூட்டம். என்னைப் பற்றிய அறிமுகத்தை முந்தின இரவே மனப்பாடம் செய்திருந்தேன். காபி இடைவேளையில் ஒரு பெரியவரிடம் அதை ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, நல்லா படிங்க" என்று நகர்ந்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. நான் சொன்னதில் அவர் பதிலுக்குப் பேச எதுவுமே இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு எதையும் மனப்பாடம் செய்யவில்லை. சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்றவரிடம், "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்றேன். கல்லிடைக்குறிச்சி, அப்பளத் தொழில். "ஐப்பசி கார்த்திகையில விடாம மழை பெய்யுமே, அப்பளத்தை எப்படிக் காய வைப்பீங்க?" என்று கேட்டேன். தட்டில் சோறு ஆறியது தெரியாமல் பேசினார். அடைமழைக்கு முன்னாடியே கூடுதலாக இட்டு வைக்க வேண்டும், அதற்கு உளுந்தை மொத்தமாக வாங்கிப் போட வேண்டும், கைக்காசு அத்தனையும் சரக்கில் முடங்கிவிடும். நடைமுறை மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவைப்படும் பணம் என்று வகுப்பில் படித்தது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

சிறு உற்பத்தியாளர்களிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. "நிஜத்துல அப்படி வருதா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "இதை நம்ம ஆடிட்டர்கிட்ட கேளு தம்பி" என்று எண்ணைக் கொடுத்தார். அந்த ஆடிட்டர் அலுவலகத்தில்தான் எனக்குக் கோடை விடுமுறைப் பயிற்சி கிடைத்தது.

அதனால் தொழிலில் உள்ள கஷ்டத்தைக் கேளுங்கள். வருமானத்தைக் கேட்காதீர்கள், முதல் நாளே வேலையும் கேட்காதீர்கள். இன்னொன்று, நம்ம பக்கம் ஊரைக் கேட்டதும் அடுத்து எந்தத் தெரு என்று விசாரிக்கும் பழக்கம் உண்டு. அது சாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வி. நீங்கள் அதைக் கேட்கவே கூடாது. உங்களிடம் யாராவது கேட்டால் பேச்சைத் தொழிலுக்குத் திருப்பிவிடுங்கள்.

விசிட்டிங் கார்டு வாங்கினால், திரும்பும் பஸ்ஸிலேயே அதன் பின்பக்கம் குறித்துவிடுங்கள். நான் "மழை, உளுந்து, 45 நாள்" என்று எழுதினேன். மறுநாள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு வரியிலும் அந்த மழைப் பேச்சைத்தான் குறிப்பிட்டேன். வெறும் வணக்கம் மட்டும் வந்தால் யார் அனுப்பியது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரே ஒரு முறை பார்த்தவரால் என்ன ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் விசாரித்து 1973இல் எழுதினார். அடிக்கடி சந்திக்கும் ஆள் மூலம் வேலை கிடைத்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிறவர்கள் வழியாகத்தான் கிடைத்திருக்கிறது. நம் நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகத்தானே இருக்கும்.

மாவட்டத் தொழில் மையம் நடத்தும் முகாம்களை விடாதீர்கள். நண்பர்களோடு போனாலும் வாசலிலேயே பிரிந்துவிடுங்கள், சாப்பிடும்போது சேர்ந்துகொள்ளலாம். முதல் நாள் ஒரே ஒருவரிடம் கால் மணி நேரம் பேசினால் போதும்.