தொல்லியல், மானுடவியல் படிப்பில் மண் தோண்டுவதைத் தவிர என்ன சொல்லித் தருகிறார்கள்?

தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டு இந்தப் படிப்புதான் வேண்டும் என்கிறாள், வீட்டில் "மண்ணு தோண்டவா காலேஜு?" என்று கேட்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்தான் என்று நினைக்கிறேன். எங்கள் சித்தப்பா இதே வார்த்தையில் என்னைக் கேட்டார். அன்று அவருக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் பர்கூர் பக்கம். முதுகலையில் தொல்லியல் படித்தேன், கூடவே மானுடவியல் தாள்களும், அதாவது மனிதரின் உடலையும் வாழ்க்கை முறையையும் பற்றிய படிப்பு. நம் ஊரில் இரண்டும் பெரும்பாலும் தனித்தனித் துறைகள். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான். ஆக்ஸ்போர்டில் இரண்டும் சேர்ந்து ஒரே பட்டம். சேர்த்துப் படிப்பதே சரி என்பது என் கருத்து.

தோண்டுவது படிப்பில் சிறு பங்குதான். குழி வெட்டியதும் அதன் பக்கச் சுவரைப் படிக்கக் கற்றுத் தருவார்கள். மண்ணின் நிறம், இறுக்கம், சாம்பல் கலந்த கோடு எல்லாவற்றையும் பார்த்து அடுக்கடுக்காகப் பிரித்து வரைய வேண்டும். எது முந்தையது, எது பின்னால் யாரோ வெட்டிய குழி என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். ஒரு பானை ஓடு எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற குறிப்பு இல்லையென்றால் அதற்கு மதிப்பே இல்லை. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்களே, அந்தக் காலக்கணிப்பு நிற்பது அது கிடந்த மண்ணடுக்கின் மேல்தான்.

இதை எனக்குப் புரியவைத்தது எங்கள் தோப்பு. ஓரத்தில் பெரிய குண்டுக்கற்களை வட்டமாக அடுக்கிய ஓர் இடம் உண்டு. ஊரில் பாண்டவர் குழி என்பார்கள். நான் படித்துக்கொண்டிருந்தபோது, அதை ஜேசிபி வைத்துத் தள்ளிவிட்டு மாங்கன்று நட அப்பா முடிவு செய்தார். புதையல் இருக்கும், ராத்திரியில் தோண்டலாம் என்று உறவில் சிலர் வேறு. சொந்த நிலமே ஆனாலும் நாமாகத் தோண்டக் கூடாது, அகழாய்வுக்கு மத்திய தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும் என்று சண்டை போட்டேன். டேப்பும் திசைகாட்டியும் வைத்துக் கல் கல்லாக அளந்து வரைபடம் போட்டேன். பெருங்கற்கால ஈமச்சின்னமான கல்வட்டம் அது, அதாவது இறந்தவரைப் புதைத்த இடத்தைச் சுற்றிப் பெரிய கற்களை அடுக்கியது.

பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கும் பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். "செருப்பக் கழட்டிட்டுப் போ கண்ணு, உள்ள யாரோ படுத்திருக்காங்க" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். மாமியார் சொன்னது, அந்த வட்டத்துக்குள் ஏர் ஓட்டவே மாட்டார்களாம். மானுடவியல் வகுப்பு கைகொடுத்தது இங்கேதான். மூடநம்பிக்கை என்று தள்ளவும் கூடாது, மூவாயிரம் ஆண்டு நினைவு என்று ஊதிப் பெருக்கவும் கூடாது. முன்பு எங்காவது இப்படி ஒரு குழியில் எலும்பு வந்ததைப் பார்த்தவர்கள் சொல்லி வைத்ததாகவும் இருக்கலாம். யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்று அவர் சொன்னபடியே எழுதிக்கொள்வதும் ஒரு பயிற்சிதான்.

அப்பா கடைசியில் "நாலு கன்னு கொறைச்சு நட்டுக்கலாம், விடு" என்றார். இன்றும் அந்தக் கற்கள் அப்படியே இருக்கின்றன.

    

மானுடவியலில் உடல் சார்ந்த பகுதியும் உண்டு. இடுப்பெலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா, பல்லைப் பார்த்து ஏறக்குறைய என்ன வயது என்று கணிப்பது, மரபியல், ரத்த வகை எல்லாம் வரும். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த எட்கர் தர்ஸ்டன் ஒரு காலத்தில் சாதி சாதியாக மூக்கையும் தலையையும் அளந்தார். அது ஏன் தவறான வழி என்பதையும் சொல்லித் தருவார்கள். பழங்குடிகள் வாழும் சித்தேரி மலைக்கோ இருளர் குடியிருப்புக்கோ போனால், ஆராய வந்த ஆள் என்ற எண்ணத்தை இறக்கிவைத்துவிட்டு உட்காரப் பழக வேண்டும். எனக்கு மிகவும் கடினமாக இருந்தது இதுதான்.

"சோறு போடுமா?" என்று யாராவது வருவார்கள். ஐடி சம்பளத்தோடு ஒப்பிட்டு நான் எழுதவில்லை. தொல்லியல் துறையிலும் அருங்காட்சியகங்களிலும் பணியிடங்கள் குறைவு, அதை மறைக்கவில்லை. கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வில் இரண்டும் தனிப் பாடங்கள். குடிமைப் பணித் தேர்வில் மானுடவியலை விருப்பப் பாடமாக எடுக்கலாம். குடும்பத்தில் உடனே வருமானம் வேண்டும் என்ற நிலை இருந்தால் யோசித்துத்தான் சேர வேண்டும். எல்லாரும் இதைப் படியுங்கள் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சேர்ப்பதற்கு முன் தங்கையைத் தருமபுரி நடுகல் அகழ்வைப்பகத்துக்கு, அதாவது வீரர்களின் நினைவுக் கற்களை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு, ஒருமுறை கூட்டிப்போங்கள். பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்துப் பொறித்த ஒரு கல்லின் முன் அவள் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று பாருங்கள். நுழைவுத் தேர்வு, பாடத்திட்டம் பற்றி ஏதாவது இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.