அப்பாவும் பாலும் – கடிதம்

ஐயா வணக்கம்,

உங்கள் பழைய கட்டுரை ஒன்றில், ‘மரபணு என்பது நாம் பிறக்கும்போதே எழுதி முடித்த தலையெழுத்து’ என்று ஒரு வரி வருகிறது. அதில்தான் எனக்குச் சந்தேகம். என் அப்பாவுக்கு 63 வயது. சின்ன வயதில் வீட்டில் மாடு இருந்ததாம், கறந்த பாலைச் செம்போடு குடிப்பாராம். எனக்கு நினைவு தெரிந்து அவர் பாலைத் தொட்டதில்லை. குடித்தால் வயிறு உப்பிக்கொள்ளும், இரண்டு மணி நேரத்தில் பேதி. தயிர் மட்டும் ஒன்றும் செய்யாது. போன மாதம் ஒரு சோதனை எடுத்தோம். இனிப்பாக ஏதோ தண்ணீரைக் குடிக்கவைத்து, அரை மணிக்கு ஒருதரம் ஒரு கருவியில் ஊதச் சொன்னார்கள். ‘பால் சர்க்கரையைச் செரிக்கிற ஜீன் உங்களுக்கு இல்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எட்டு வயதில் இருந்த ஜீன் எங்கே போயிற்று? தலையெழுத்து அழியுமா? என் கணவர் பஞ்சாபி. ராத்திரி ஒரு பெரிய தம்ளர் பால் இல்லாமல் தூங்கமாட்டார், அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. மகளுக்கு ஆறு வயது. அவள் யார் பக்கம் போவாள்?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த வரி. அதை நான் எழுதியிருக்கக் கூடாது. வாசிக்க நன்றாக இருக்கிறது என்பதற்காக எழுதிய வரி. உங்கள் அப்பாவின் வயிறு அதைப் பொய்யாக்கிவிட்டது.

அப்பாவின் மரபணு எங்கும் போகவில்லை. பால் சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் நொதிக்கு லாக்டேஸ் என்று பெயர். அதற்கான மரபணு நம் இரண்டாவது குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவின் குடலில் மட்டுமல்ல, அவருடைய கண்ணில், தோலில், கல்லீரலில் எல்லாம் அது எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. கண்ணில் இருந்து என்ன பயன்? அங்கே அதை யாரும் படிப்பதில்லை. சிறுகுடலின் உள்சுவரில் இருக்கும் செல்கள்தான் அதைப் படித்து நொதி செய்கின்றன. அவையும் குழந்தைப் பருவத்தில் மும்முரமாகப் படித்துவிட்டு, பிறகு மெல்ல மெல்ல விட்டுவிடுகின்றன. அப்பாவுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே அது குறைந்திருக்கும். ‘இல்லை’ என்று சொன்னவர் அவசரத்தில் சொல்லியிருப்பார். ‘இருக்கிறது, ஆனால் ஓய்ந்துவிட்டது’ என்பதுதான் சரி.

இருக்கிற மரபணுவை ஓயவைப்பது எது? இந்தக் கேள்விக்கு முதல் தெளிவான பதில் வந்ததும் பால் சர்க்கரையிலிருந்துதான், பாக்டீரியா வழியாக. அதை எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நானே பார்த்தேன். என் மறதியால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

ஈ.கோலை பாக்டீரியாவை அகர் என்ற கூழ் பரப்பிய தட்டில் வளர்க்கும் பயிற்சி அது. அகரில் எக்ஸ்-கால் என்றொரு பொருளைக் கலப்பார்கள். பாக்டீரியாவிடம் லாக்டோஸை உடைக்கும் நொதி இருந்தால் அது எக்ஸ்-காலையும் உடைக்கும், பாக்டீரியா கூட்டமாக வளர்ந்த புள்ளி நீலமாகிவிடும். கூடவே ஐபிடிஜி என்று இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். லாக்டோஸ் வந்துவிட்டது என்று பாக்டீரியாவை நம்பவைக்கிற போலிச் சர்க்கரை அது. நான் அதை மறந்துபோனேன். மறுநாள் காலை எல்லாருடைய தட்டிலும் நீலப் பொட்டுகள், என் தட்டில் மட்டும் வெள்ளை. ‘உன் பாக்டீரியாகிட்ட ஜீன் இருக்குப்பா, அதைக் கூப்பிடத்தான் ஆளில்லை’ என்றார் ஆசிரியர். வெட்கத்தில் தட்டைத் தூக்கிப் போடாமல் ஒரு மூலையில் வைத்திருந்தேன். சில நாள் கழித்துப் பார்த்தால், வெளுத்த துணியில் நீலம் போட்ட மாதிரி, புள்ளிகளின் நடுவில் லேசான ஒரு சாயல். அந்தச் சாயலுக்கு அப்புறம் வருகிறேன்.

பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் ஜாக் மோனோ என்பவர் 1940 வாக்கில் இதன் நுனியைப் பிடித்தார். ஜெர்மானியர்கள் நகரத்தைப் பிடித்திருந்த காலம். பாக்டீரியாவுக்குக் குளுக்கோஸையும் இன்னொரு சர்க்கரையையும் சேர்த்துக் கொடுத்தால், அது குளுக்கோஸை முதலில் தின்று தீர்க்கிறது. பிறகு கொஞ்ச நேரம் வளராமல் நிற்கிறது. அப்புறம்தான் அடுத்த சர்க்கரையில் கைவைக்கிறது. அந்த இடைவேளையில் என்ன நடக்கிறது? அடுப்பு பற்றவைக்கிற நேரம்தான் அது என்று பிறகு புரிந்தது. அதுவரை செய்யாமல் இருந்த நொதியை அப்போதுதான் செய்ய ஆரம்பிக்கிறது.

சர்க்கரை வந்து நொதியை உண்டாக்குகிறது என்றுதான் மோனோ வெகு காலம் நினைத்திருந்தார். நாமும் அப்படித்தானே நினைப்போம்? அது தலைகீழ் என்று காட்டிய சோதனையை ஆர்தர் பார்டி, பிரான்சுவா ஜாகோப், மோனோ மூவரும் சேர்ந்து செய்தார்கள். 1959-ல் வெளியானது. பாக்டீரியாவிலும் ஒருவகைக் கலப்பு உண்டு. ஒன்று தன் டிஎன்ஏவை மெல்ல இன்னொன்றுக்குள் செலுத்தும். நொதியின் மரபணுவும் அதை அடக்குகிற புரதத்துக்கான மரபணுவும் கெட்டுப்போன ஒரு பாக்டீரியாவுக்குள், இரண்டும் நன்றாக இருக்கிற டிஎன்ஏவை அனுப்பினார்கள். லாக்டோஸ் இல்லை, போலிச் சர்க்கரையும் இல்லை. ஆனாலும் உள்ளே போன சில நிமிடங்களில் நொதி உற்பத்தி தொடங்கிவிட்டது! யாரும் தூண்டவேயில்லை. பிறகு ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் தானாகவே நின்றது. ஏன் நின்றது என்றால், அதற்குள் அடக்கும் புரதம் போதுமான அளவுக்குச் சேர்ந்துவிட்டது. அதாவது, அந்த மரபணு ஓடத் தயாராகத்தான் இருக்கிறது. ஒரு புரதம் அதன் வாசலில் உட்கார்ந்து மறிக்கிறது. சர்க்கரை வந்து மரபணுவை எழுப்புவதில்லை, வாசலில் இருப்பவனை எழுப்பி வெளியே அனுப்புகிறது.

இப்படியும் இருக்கலாமே என்று மோனோவிடம் முன்பே வாதாடியவர்களில் லியோ சிலார்டும் ஒருவர். ஆமாம், அணுப்பிளவுத் தொடர்வினையை முதலில் யோசித்த அதே இயற்பியலாளர். அடக்கும் புரதம் நேராக டிஎன்ஏமேலேயே உட்காருகிறது என்ற எண்ணம் ஜாகோபுக்கு 1958-ல் மனைவியோடு சினிமாக் கொட்டகையில் இருந்தபோது வந்ததாம். அவரே எழுதியிருக்கிறார். போரில் படுகாயம்பட்டதால் அறுவை மருத்துவராக முடியாமல் ஆராய்ச்சிக்கு வந்தவர் அவர். 1961-ல் ஜாகோபும் மோனோவும் முழுக் கட்டுரையை வெளியிட்டார்கள். 1965-ல் ஆந்த்ரே லுவோஃபோடு சேர்ந்து நோபல் பரிசு.

இப்போது அந்த நீலச் சாயல். வாசலில் ஆள் உட்கார்ந்துவிட்டால் உள்ளே ஒன்றும் நடக்காது என்று நினைத்துவிடக் கூடாது. அவன் அவ்வப்போது எழுந்துபோவான். அந்த இடுக்கில் ஒன்றிரண்டு நொதி மூலக்கூறுகள் தயாராகிவிடும். இது கோளாறு இல்லை, இது இல்லாவிட்டால் ஏற்பாடே நடக்காது. லாக்டோஸை செல்லுக்குள் இழுத்துவர ஒரு புரதம் தேவை. அதுவும் இதே பூட்டுக்குள்தான் இருக்கிறது. உள்ளே வந்த லாக்டோஸை அல்லோலாக்டோஸாக மாற்ற அந்த நொதியே வேண்டும். வாசல் காப்பவனை விலக்குவது இந்த அல்லோலாக்டோஸ்தான். பூட்டு முழுக்க இறுகியிருந்தால், சாவி உள்ளே மாட்டிக்கொண்ட வீட்டின் கதை. அந்தச் சிறு கசிவுதான் சாவி. பள்ளிப் பாடத்தில் இதை ‘ஸ்விட்ச்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் திருப்தியில்லை. கசியும் குழாய் என்றால் இன்னும் பொருந்தும்.

சரி, அப்பாவிடம் வருவோம். மனிதச் செல்லில் விவகாரம் இவ்வளவு எளிது இல்லை. நம் டிஎன்ஏ புரதங்களில் சுற்றிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மூடிக் கிடப்பதுதான் பெரும்பாலும் அதன் வழக்கம், திறக்கத்தான் ஆள் வேண்டும். அந்த ஆட்கள் உட்காரும் இடம் மரபணுவின் வாசலில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பின்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட ஒரு கட்டுரை இதைக் காட்டியது. பெரியவர்களான பிறகும் பாலைச் செரிப்பவர்களிடம் லாக்டேஸ் மரபணுவில் எந்த மாற்றமும் இல்லை. அது தொடங்குகிற இடத்திலிருந்து 13,910 டிஎன்ஏ எழுத்துகள் முன்னால், சம்பந்தமே இல்லாத இன்னொரு மரபணுவின் நடுவில், ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. ‘சி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’. அவ்வளவுதான். டிஎன்ஏ நூல் மடிந்து வளையும்போது அந்தத் தூரத்து இடம் மரபணுவின் வாசலருகே வந்துவிடும். மாறிய எழுத்தை ஒரு புரதம் இன்னும் இறுகப் பிடித்துக்கொள்கிறது, வாசல் மூடாமல் இருக்கிறது.

மாற்றம் இல்லாதவர்களுக்கு, வயது ஏற ஏற அந்த இடத்தில் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகள் வந்து ஒட்டுகின்றன. எழுத்து அழிவதில்லை, படிக்கவிடாமல் அரக்கு வைத்த மாதிரி. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: குடல்சுவரின் செல்கள் சில நாட்களில் உதிர்ந்து புதியவை வந்துகொண்டே இருக்கின்றன. இன்று அப்பாவின் குடலில் இருக்கும் செல் போன வாரம் பிறந்தது. அதற்கு எப்படித் தெரியும், தான் 63 வயதுக்காரருடைய செல் என்று? அடியில் இருந்து அதை ஈன்ற தாய்ச் செல் அந்தக் குறிகளையும் சேர்த்தே கொடுத்து அனுப்புகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாற்றம் ஏற்பட்டது உங்கள் அப்பாவுக்கு இல்லை, உங்கள் கணவருக்கு. பால்குடி மறந்த கன்றுக்குட்டிக்கும் பூனைக்கும் நடப்பதுதான் அப்பாவுக்கு நடந்திருக்கிறது. உலகத்தில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் அப்பா கட்சி. ‘குறைபாடு’ என்று மருத்துவச் சீட்டில் எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். கதவை மூட மறந்தவர் நன்றாக இருக்கிறார் என்பதற்காக, வேளைக்கு மூடியவரைக் குறை சொல்லலாமா?

இந்தியாவில் பல சமூகத்தாரைச் சோதித்தபோது, ஐரோப்பாவில் கண்ட அதே எழுத்து மாற்றம்தான் இங்கும் கிடைத்தது. வடமேற்கில் அதிகம், தெற்கே வர வர குறைவு. ஆனால் நீலகிரியில் எருமை வளர்க்கும் தோடர்களிடம் அது மிக அதிகமாக இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்க மேய்ச்சல் குடிகளிடம் அதே பகுதியில் வேறு எழுத்துகள் மாறி அதே வேலை நடந்திருக்கிறது. மாடும் எருமையும் வளர்த்து, பாலை நம்பி வாழ்ந்த இடங்களில் கதவு மூடாத பிள்ளைகள் பிழைத்திருக்கிறார்கள்.

அந்த ஊதும் சோதனையைப் பற்றி உங்களிடம் யாரும் விளக்கவில்லை போலிருக்கிறது. அவர்கள் அளந்தது ஹைட்ரஜன். மனிதச் செல்கள் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில்லை. சிறுகுடலில் உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்களுக்குத் திடீர் விருந்து. அவை அதைப் புளிக்கவைத்து வெளியிடும் வாயு ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது. அந்தக் கூட்டத்தில் ஈ.கோலையும் கொஞ்சம் இருக்கும். அப்பாவின் செல்கள் பூட்டிவைத்த அதே வேலைக்கு, பெருங்குடலில் அதன் மரபணு வாசலில் இருப்பவன் எழுந்து விலகியிருப்பான். சோதனைக்கூடங்களில் வளர்கிற கே-12 என்ற ஈ.கோலை வகை 1922-ல் ஒரு நோயாளியின் மலத்திலிருந்து எடுத்ததுதான். மூவர் சோதனையும் அந்த வகையில்தான் நடந்தது.

தயிர் ஏன் ஒன்றும் செய்வதில்லை என்பதும் இதோடு சேர்ந்ததே. உறை ஊற்றிய பாக்டீரியா ராத்திரியிலேயே லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. மிச்சத்துக்குத் தன் நொதியையும் எடுத்துக்கொண்டுதான் வயிற்றுக்குள் வருகிறது. அப்பாவுக்கு ஒரு தகவல்: இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை, அதாவது ஒரு தம்ளர் பால் அளவுக்கு, பெரிய தொந்தரவில்லாமல் தாங்குகிறார்கள், சாப்பாட்டோடு சேர்த்தால் இன்னும் எளிது. அவருடைய அளவு எது என்று அவருக்குத்தான் தெரியும். காபிக்கு ஒரு கரண்டி பால் விட பயப்பட வேண்டாம்.

இனி மகள். இந்த மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. உங்கள் கணவரிடம் ‘டி’ எழுத்து ஒரு பிரதியில் இருக்கிறதா, இரண்டிலுமா என்று தெரியாது. இரண்டிலும் இருந்தால் மகளுக்குக் கட்டாயம் ஒன்று வந்திருக்கும். ஒன்றில் மட்டும் என்றால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒன்று வந்தாலே போதும், பெரியவளான பிறகும் பால் செரிக்கும். உங்களிடமும் ஒன்று இருக்கக் கூடாது என்றில்லை, நீங்கள் பால் குடிப்பீர்களா என்று எழுதவேயில்லை!

உங்களிடமிருந்து ‘சி’யும் அவரிடமிருந்து ‘டி’யும் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த எழுத்து தான் இருக்கிற குரோமோசோமின் மரபணுவை மட்டும்தான் திறந்துவைக்கும், எதிரில் இருக்கும் பிரதியைத் தொடாது. அதனால் அவள் வளர வளர, அவளுடைய குடலில் ஒரே செல்லுக்குள், உங்கள் வழியாக வந்த லாக்டேஸ் மரபணு கிட்டத்தட்ட ஓய்ந்துவிடும். பக்கத்திலேயே பஞ்சாபிலிருந்து வந்த பிரதி ஓடிக்கொண்டிருக்கும். ஆறு வயதில் இது இன்னும் வெளியே தெரியாமல் இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு வயதில் எழுதுங்கள், ராத்திரிப் பாலில் அவள் யார் பக்கம் என்று.