சோலைக்காட்டுச் சிற்றந்துகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோத்தகிரி லாங்வுட் சோலையின் ஓரத்தில், காலை வெயிலில், நெல்மணியளவே உள்ள பூச்சிகள் பல, உடலைவிட நீண்ட இரண்டு வெள்ளை இழைகளோடு ஒரே இடத்தில் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தன. அவை கொசுக்களா?

பதில்: கொசுக்கள் அல்ல. நீங்கள் விவரிக்கும் தோற்றமும் ஆட்டமும் அடெலிடே குடும்பத்து அந்துப்பூச்சிகளுக்கே பொருந்துகின்றன. அந்த இழைகள் உணர்கொம்புகள். ஆணுக்கு அவை முன்சிறகைப் போல் இரண்டு மூன்று மடங்குகூட நீளும், பெண்ணுக்கு அவ்வளவு நீளம் இராது. அந்து என்றாலே இரவில் பறப்பது என்று எண்ணிவிடுகிறோம்; இக்குடும்பத்தில் பெரும்பாலானவை பகலில் பறப்பவை. வெயில் விழும் காட்டோரத்தில் ஆண்கள் கூடி ஆடுவது பெண்ணை ஈர்ப்பதற்காக.

இவற்றின் வாழ்க்கையில் என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைப்பது அதன் பிறகு நடப்பதே. பெண் அந்து, வயிற்று நுனியிலுள்ள கூரிய உறுப்பால் பூவின் சூலகம் போன்ற மென்மையான பகுதியைத் துளைத்து முட்டையை உள்ளே வைக்கிறது. பொரித்து வரும் புழு சில காலம் அங்கேயே முற்றாத விதையைத் தின்று வளர்ந்து, பின்பு தரைக்கு இறங்கி, சருகிலிருந்து துண்டுகளை நறுக்கியெடுத்து, தன் வாயிலிருந்து சுரக்கும் பட்டு நூலால் அவற்றை இணைத்துத் தட்டையான உறையொன்றைச் செய்துகொள்கிறது. நத்தை ஓட்டைச் சுமப்பதுபோல் அந்த உறையைச் சுமந்தபடியே உதிர்ந்த இலைகளைத் தின்கிறது. வளர வளர உறையையும் பெரிதாக்கி, முடிவில் அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகிறது. நீங்கள் கண்ட வெயிலாட்டம் சில நாட்களுக்கு உரியது; வாழ்நாளின் பெரும்பகுதி நம் காலடிச் சருகிலேயே கழிகிறது.

கேள்வி: எங்கள் தோட்டத்தை ஒட்டிய சிறு சோலையில் சருகைக் கூட்டி எரிக்கலாமா?

பதில்: வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மேலே சொன்ன புழுக்கள் சருகில் வாழ்கின்றன; மண்ணிலும் சருகிலும் கூட்டுப்புழுவாகும் அந்துகளும் பல. மார்கழி, தை மாதங்களில் வெளியே புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும்போதும், அடர்ந்த மர விதானத்தின் கீழே சோலைக்குள் பனி உறைவது அரிது. அந்த விதானமும் அதன் கீழுள்ள ஈரச் சருகும் சேர்ந்ததே இச்சிற்றுயிர்களின் வீடு. ஓரத்து மரங்களை வெட்டிக் காற்றையும் வெயிலையும் உள்ளே விட்டால், எரிக்காமலே சருகு காய்ந்துவிடும்.

கேள்வி: குன்னூரில் எங்கள் தேயிலைக் கொழுந்து இலைகள் முக்கோணமாக மடிந்திருக்கின்றன. இதுவும் அந்துவின் வேலையா?

பதில்: ஆம், கலோப்டிலியா தெய்வோரா என்னும் இலைசுருட்டி. புழு முதலில் இலைத் தோலுக்கடியில் சுரங்கமிட்டு, பிறகு இலை விளிம்பைச் சுருட்டி, கடைசியில் இலையை முக்கோணப் பொட்டலமாக மடித்து உள்ளிருந்து தின்னும். சுருண்ட இலைகளைக் கொழுந்து பறிக்கும்போதே கிள்ளி அகற்றுவது நல்ல வழி. கண்டவுடன் மருந்து தெளித்தால், இப்புழுவைத் தின்று வாழும் ஒட்டுண்ணிக் குளவிகளும் அழியும்.

கேள்வி: கொடைக்கானலில் எங்கள் வீட்டு வாசல் விளக்கைச் சுற்றி இரவெல்லாம் அந்துகள் சுழல்கின்றன. விளக்கை நிலவென்று எண்ணுகின்றனவா?

பதில்: நெடுங்காலம் அப்படித்தான் விளக்கம் சொல்லப்பட்டது. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, அதிவேகக் காமிராக்களால் பூச்சிகளின் பறத்தலைப் பதிவுசெய்து வேறொரு காரணத்தைக் காட்டியது. பறக்கும் பூச்சி வெளிச்சம் மிகுந்த பக்கத்துக்கு முதுகைத் திருப்பியே மேல் எது, கீழ் எது என்று அறிகிறது. இருண்ட காட்டில் வெளிச்சமான பக்கம் வானமே. ஆகவே அது தவறுவதில்லை. விளக்கருகே வந்ததும் அது முதுகை விளக்கை நோக்கிச் சாய்க்க, பறக்கும் பாதை வளைந்து வட்டமாகிவிடுகிறது. விரும்பி வருவதன்று, சிக்கிக்கொள்வது. தேவையற்ற நேரத்தில் விளக்கை அணையுங்கள். எரிந்தாக வேண்டுமானால் வெண்ணீல ஒளிக்குப் பதிலாக மஞ்சள் ஒளி விளக்கைக் கீழ்நோக்கி மறைப்பிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. நீலகிரி அந்துகளை முன்பு யாரேனும் ஆராய்ந்துள்ளனரா?

பதில்: நீலகிரியில் தேயிலை பயிரிட வந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் இங்கேதான் அந்துகளின்மேல் நாட்டம் கொண்டார், இம்மாவட்டத்து அந்துகளைப் பற்றிய அவருடைய நூல் 1891-இல் வெளிவந்தது. ஒரு வெள்ளைத் துணி, ஒரு விளக்கு, ஒரு குறிப்பேடு இருந்தால் நீங்களும் தொடங்கலாம். ஓர் இரவில் ஓரிரு மணி நேரத்துக்கு மேல் விளக்கை எரியவிட வேண்டாம். படமெடுத்து முடித்ததும் துணியில் அமர்ந்தவற்றை, விடியுமுன், பறவைகள் வருமுன், புதரின் நிழலில் உதறி விட்டுவிடுங்கள்.