மின்கார் டயர் உறுமுகிறதா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் நெக்ஸான் இ.வி. 42,000 கி.மீ. ஓடிவிட்டது. டயர் அளவு 215/60 ஆர்16. எண்ணூர் விரைவுச் சாலையில் ஐம்பதைத் தாண்டினாலே 'ஊம்' என்று உறுமுகிறது. சத்தம் குறைவான டயராகப் பார்த்து மாற்ற நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது? உள்ளே ஃபோம் ஒட்டிய டயர் நல்லது என்கிறார்களே?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: கடைக்குப் போகும் முன், உறுமுவது டயர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வீல் பேரிங் தேய்ந்தாலும் ஏறக்குறைய இதே சத்தம்தான் வரும். தார்ச்சாலை முடிந்து கான்கிரீட் தொடங்கும் இடத்தில் ஒலி மாறினால் டயர். எந்தச் சாலையிலும் ஒரே மாதிரி கேட்டு, நீண்ட வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் கூடினால் பேரிங்காக இருக்கலாம்.

அடுத்து, காரை நிறுத்திவிட்டுப் பின் டயரின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னுமாகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் உறுமலுக்குக் காரணம் அதுவே. முன்சக்கரம் இழுக்கும் காரில் பின் டயருக்கு வேலை குறைவு. 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடாமல் விட்டால் அது இப்படித்தான் தேயும். இந்தத் தேய்மானம் விழுந்த பிறகு அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்தாலும் சத்தம் உடனே அடங்காது. ஆனால், அலைன்மென்ட் பார்க்காமல் புது டயர் போட்டால் அதற்கும் இதே கதிதான்.

இனி வாங்குவது பற்றி. அளவை மாற்றாதீர்கள். 225 போட்டால் பார்வையாக இருக்கும் என்பார்கள். அகலம் கூடினால் இரைச்சல் கூடும், ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) குறையும். அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுமை எண்ணையும் பாருங்கள். 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும், 99 என்றால் 775 கிலோ. பேட்டரி எடை இருப்பதால், பழைய டயரில் உள்ள எண்ணுக்குக் கீழே இறங்கவே கூடாது. தேவையில்லாமல் மேலே போகவும் வேண்டாம். ஓரச்சுவர் விறைப்பாக இருக்கும், கன்டெய்னர் லாரி பெயர்த்த பள்ளம் ஒவ்வொன்றும் உள்ளே 'தட்' என்று கேட்கும்.

டிரெட்டில் (சாலையைத் தொடும் வெட்டுப் பகுதியில்) பெரிய கட்டைகளும் அகன்ற இடைவெளிகளும் கொண்ட ஆஃப்-ரோடு பாணி டயரை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். கட்டைகள் சிறிதாக, ஒன்றுக்கொன்று நீளம் மாறி அமைந்திருந்தால் ஒலி ஒரே சுருதியில் சேராமல் சிதறிவிடும். மின்காருக்கென்றே விற்கும் அப்போலோ ஆம்பெரியான், சியட் எனர்ஜிடிரைவ் போன்றவை உங்கள் அளவில் கிடைக்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள். டயரில் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரையைச் சத்தத்துக்கான மதிப்பெண் என்று நினைக்க வேண்டாம். அது உருளும்போது வீணாகும் ஆற்றலைப் பற்றியது. ஐரோப்பிய லேபிளில் உள்ள டெசிபல் கணக்கும் சாலையோரம் மைக் வைத்து அளந்ததுதான், காருக்குள் அளந்ததல்ல. ஆனாலும் இரண்டு டயரை ஒப்பிட உதவும். 3 டெசிபல் வித்தியாசம் என்றால் ஒலி ஆற்றல் இரு மடங்கு.

ஃபோம் டயர் வட சென்னைக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. டயருக்குள் அடைபட்ட காற்று சுமார் 200 ஹெர்ட்ஸில் அதிர்வதால் எழும் ரீங்காரத்தை மட்டும்தான் ஃபோம் அடக்கும். டிரெட்டின் சத்தத்துக்கு அது அவ்வளவாக உதவாது. மணலி, எண்ணூர்ப் பக்கம் ஆணியும் போல்ட்டும் குத்துவது சகஜம். உள்ளிருந்து ஒட்டுப் போட ஃபோமை அறுத்தெடுக்க வேண்டும். சரியாகத் திரும்ப ஒட்டாவிட்டால் பேலன்ஸ் கெட்டு ஸ்டியரிங் நடுங்கும்.

தயாரிப்புத் தேதியைப் பாருங்கள்: ஓரச்சுவரில் நான்கு இலக்கம், 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். எம்.ஆர்.எப். தொழிற்சாலை உங்கள் ஊரிலேயே இருக்கலாம், கடையில் இருப்பது புதுச் சரக்கு என்பதற்கு அது உத்தரவாதமில்லை. நாள்பட்ட ரப்பர் இறுகும். இறுகினால் சத்தமும் கூடும், மழையில் பிடிப்பும் குறையும். சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கும் ஊரில் ஈரப்பிடிப்பை விட்டுக்கொடுத்து அமைதியை வாங்க வேண்டாம். நான்கும் ஒரே மாடலாக இருப்பது நல்லது. இரண்டுதான் முடியும் என்றால் புதியவற்றைப் பின்னால் போடுங்கள். முன்னால் போட்டால் ஈரச்சாலையில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும்.

கேள்வி: நாலு டயரும் மாற்றினோம். சத்தம் குறைந்தது, ரேஞ்சும் குறைந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. புது டிரெட் உயரமாக இருப்பதால் உருளும்போது அதிகம் நெளியும், ஆற்றல் கொஞ்சம் வீணாகும். தேயத் தேயச் சீராகும். மீட்டரும் ஒரு காரணம். 6 மி.மீ. தேய்ந்த டயரின் விட்டம் 12 மி.மீ. குறைவு. 664 மி.மீ. விட்டமுள்ள டயரில் இது 1.8 சதவீதம். பழைய டயரில் மீட்டர் ஓடிய தூரத்தை அந்த அளவுக்குக் கூட்டிக் காட்டியிருக்கும். ரேஞ்சுக்காகக் காற்றை 40 பி.எஸ்.ஐ.க்கு ஏற்றிவிடாதீர்கள். நடுப்பகுதி மட்டும் தேயும், போன சத்தமும் திரும்பி வரும். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவே போதும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடாகாதபோது பாருங்கள்.

கேள்வி: தெருமுனைப் பஞ்சர் கடையில் மின்காரைத் தூக்கலாமா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: தூக்கலாம், ஆனால் ஜாக்கி வைக்கும் இடத்தை நீங்களே காட்டுங்கள். அடிப்பகுதியின் நடுவில் இருப்பது பேட்டரி. அங்கே டிராலி ஜாக்கி பட்டால் செலவு டயரோடு நிற்காது. கதவுக்குக் கீழே ஓரத்தில் கையேடு குறிக்கும் இடத்தில், ரப்பர் கட்டை வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். நட்டை இம்பாக்ட் கன்னால் அடித்து முறுக்கி முடிக்க விடாதீர்கள். கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனரில்), கையேட்டில் உள்ள அளவுக்கு இருக்கட்டும். 100 கி.மீ. ஓடிய பிறகு இன்னொரு முறை சரிபாருங்கள்.