கால் முறிந்த நாய்க்குட்டியை வீட்டில் வைத்துப் பராமரிப்பது எப்படி?

கேள்வி: மதுரை ஆனையூரில் வசிக்கிறோம். பைக் மோதிப் பின்னங்கால் முறிந்த, இரண்டு மாத நாய்க்குட்டி ஒன்றைத் தெருவிலிருந்து எடுத்து வந்தோம். மருத்துவர் கட்டுப் போட்டு, ஒரு மாதம் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வீட்டில் ஏழு வயது மகளும், ஏற்கெனவே வளர்க்கும் நாயும் உண்டு. எப்படிப் பராமரிப்பது?

கால்நடை மருத்துவர் பதில்: உங்கள் குட்டிக்கு இப்போது மருந்தைவிட முக்கியமானது அடக்கி வைத்தல். நான்கைந்து நாட்களில் வலி குறைந்ததும் அது துள்ளத் தொடங்கும். எலும்பு அதற்குள் கூடியிருக்காது. பாவம், கூண்டில் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு அவிழ்த்துவிடும்போதுதான் கூடிவந்த முறிவு மறுபடியும் விலகுகிறது. ஆகவே, எழுந்து நிற்கவும் திரும்பிப் படுக்கவும் மட்டும் இடமுள்ள கூண்டிலோ மரப்பெட்டியிலோ வைத்து, வழுக்காமல் இருக்கச் சாக்கை விரித்து, அதன்மேல் பழைய பருத்தி வேட்டியைப் போடுங்கள். மதுரை வெயிலில் மாடியின் தகரக் கொட்டகை வேண்டவே வேண்டாம்.

காலையும் மாலையும் கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களைத் தொட்டுப் பாருங்கள். அவை வீங்கினாலோ, சில்லிட்டிருந்தாலோ, கட்டிலிருந்து நாற்றம் வந்தாலோ, கட்டு நனைந்துவிட்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வளரும் குட்டி என்பதால், இன்று சரியாக இருக்கும் கட்டு அடுத்த வாரமே இறுகிவிடக்கூடும்.

வலிக்கிறதே என்று நாம் விழுங்கும் பாராசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ கொடுத்துவிடாதீர்கள். அவை உயிருக்கே ஆபத்தாகலாம். பசும்பால் பல குட்டிகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும். வேகவைத்த முட்டை அல்லது மசாலா சேர்க்காத, எலும்பு நீக்கிய கோழிக்கறியைச் சோற்றில் பிசைந்து, நாளுக்கு மூன்று, நான்கு வேளை கொடுங்கள். சால்னா ஊற்றிய பரோட்டா மிச்சத்தைப் போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். எலும்பு சீக்கிரம் கூடட்டும் என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் கால்சியம் டானிக்கையும் மருத்துவரைக் கேட்காமல் தராதீர்கள். வளரும் குட்டிக்கு அது மிகுந்தால் எலும்பு வளர்ச்சியே கெடும்.

பார்வோ (நாய்களுக்குக் கடும் வாந்தியும் கழிச்சலும் தரும் வைரஸ் நோய்) முதலிய தொற்றுகள் வெளியே தெரியச் சில நாட்கள் ஆகும் என்பதால், இரண்டு வாரமாவது குட்டியைத் தனி அறையில் வைத்து, உங்கள் நாய்க்கு முதலில் சோறு வைத்துவிட்டுப் பிறகே குட்டியிடம் செல்லுங்கள். கிண்ணம், துணி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். உங்கள் நாய்க்குத் தடுப்பூசி தவறியிருந்தால் அது குறித்தும் மருத்துவரிடம் உடனே பேசுங்கள்.

மகள் குட்டியைத் தூக்க வேண்டாம். வலியில் இருக்கும் சாதுவான பிராணியும் கடிக்கும். யாரையாவது கடித்தாலோ நகத்தால் கீறினாலோ, குட்டிதானே என்று எண்ணாமல், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்குங்கள்.

கட்டை நீங்களாக அவிழ்க்காதீர்கள். எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது உறுதியான பிறகும், முதல் சில வாரங்களுக்குக் கயிற்றில் பிடித்துச் சிறிது தூரம் மட்டுமே நடத்துங்கள்.