வாசகர் கேள்வி பதில்: ஒளிந்துகொள்ளும் ‘த்’

(பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். ‘பெர்தோன்’ போன்ற சொற்களில் வரும் ‘த’வை ‘பந்து’வில் வருவது போல மென்மையாகச் சொல்லுங்கள். ‘ஆன்’, ‘ஓன்’ என்று முடிந்தால் நாக்கு மேலே ஒட்டக் கூடாது, காற்று மூக்கு வழியாகப் போக வேண்டும். ‘ஆர்-ஈ’, ‘டி’, ‘எஸ்’ என்று எழுத்தைச் சொன்னால் அது ஆங்கிலத்தில் அந்த எழுத்தின் பெயர்.)

பிரான்சுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. தெல்ஃப் ஏ2 என்ற பிரெஞ்சு மொழித் தேர்ச்சிப் பரீட்சைக்குப் படிக்கிறேன். ‘ஆர்-ஈ’ என்று முடியும் வினைச்சொற்கள் மட்டும் தலையில் நிற்கவே மாட்டேன் என்கின்றன. போன வாரம் வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டுக் கட்டடக் காவலாளி அம்மாவிடம் “ஜ பெர் மே க்ளே” என்றேன். “அப்படியா, அடிக்கடியா?” என்று கேட்டார். நான் என்ன தப்பாகச் சொன்னேன்? (பாரிஸ் புறநகரிலிருந்து ஒரு வாசகி)

நீங்கள் சொன்னதில் இலக்கணப் பிழையே இல்லை, அம்மா. காலம்தான் மாறிவிட்டது. “ஜ பெர் மே க்ளே” என்றால் ‘நான் சாவியைத் தொலைப்பேன்’, அதாவது அது என் வழக்கம் என்கிற மாதிரி. தொலைந்து போயிற்று என்று சொல்ல “ஜே பெர்த்யு மே க்ளே” என்றிருக்க வேண்டும். அந்த ஒரு ‘த்யு’தான் வித்தியாசம், அதைப் பிடித்துக்கொண்டே மற்றதையெல்லாம் சொல்லிவிடலாம்.

அட்டவணையை ஒரு நாள் மூடி வையுங்கள். தொலைப்பதற்கான பெர்த்ர் என்ற வினையை எடுத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஜ பெர், த்யு பெர், இல் பெர் (நான், நீ, அவன்). மூன்றும் ஒரே ஒலி. ‘டி’ எழுத்தில் இருக்கிறது, வாயில் இல்லை. இப்போது பன்மைக்கு வாருங்கள்: நூ பெர்தோன், வூ பெர்தே, இல் பெர்த் (நாங்கள், நீங்கள், அவர்கள்). ஒளிந்திருந்த ‘த்’ வெளியே வந்துவிட்டது. ‘அவன் தொலைக்கிறான்’ என்பதற்கும் ‘அவர்கள் தொலைக்கிறார்கள்’ என்பதற்கும் காதில் விழுகிற வேறுபாடு அந்தக் கடைசி ‘த்’ ஒன்றுதான், ஏனென்றால் முன்னால் வரும் ‘இல்’ இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறது. கேட்டுப் புரிந்துகொள்ளும் பரீட்சையில் மதிப்பெண் போவது இந்த மாதிரி இடத்தில்தான்.

எழுதும்போது ஜ, த்யு இரண்டுக்கும் ‘டி’க்குப் பிறகு ஓர் ‘எஸ்’. இல், எல் (அவள்), ஓன் (பொதுவாக ‘ஒருவர்’) வந்தால் ‘டி’யோடு நிறுத்துங்கள், எதுவும் ஒட்டாது. ‘ஈ-ஆர்’ வினைகளைப் படித்துப் பழகிய கை இங்கேயும் ஓர் ‘ஈ’யைப் போடத் துடிக்கும். போட்டால் ‘பெர்’ என்பது ‘பெர்த்’ ஆகிவிடும், அது வேறு இடத்துக்கு உரிய வடிவம், கீழே சொல்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே கவனியுங்கள். தமிழில் ‘தொலைத்தேன்’ என்றாலே போதும், ‘நான்’ தேவையில்லை, விகுதியே ஆளைச் சொல்லிவிடும். பிரெஞ்சில் ஒருமை மூன்றும் ஒரே ஒலி என்பதால் ஜ, த்யு, இல் என்று முன்னால் சொல்லாமல் யார் என்று தெரியாது. நம்மவர்கள் பேச்சு வேகத்தில் ‘ஜ’வை விழுங்கிவிடுகிறார்கள். விழுங்காதீர்கள்.

சரி, இறந்தகாலம். ‘ஆர்-ஈ’யை எடுத்துவிட்டு ‘யு’ போட்டால் முடிந்தது: பெர்த்யு, வாந்த்யு (விற்பது), ஆத்தாந்த்யு (காத்திருப்பது). முன்னால் அவ்வார் (‘உடைத்தாயிருத்தல்’) என்ற துணைவினையின் நிகழ்கால வடிவம், ஜே, த்யு ஆ, இல் ஆ என்று. அந்த ‘யு’வைச் சொல்ல உதட்டை ‘ஊ’வுக்குக் குவித்து, நாக்கை ‘ஈ’க்கு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி முன்னால் பத்து முறை செய்தால் வந்துவிடும்.

முன்பெல்லாம் அடிக்கடி நடந்தது, அல்லது அப்போது நடந்துகொண்டிருந்தது என்று சொல்ல அம்பார்ஃபே. நூ பெர்தோன் என்பதிலிருந்து ‘ஓன்’ஐக் கழற்றிவிட்டு முடிவுகளை மாட்டுங்கள்: ஜ பெர்தெ, த்யு பெர்தெ, இல் பெர்தெ, நூ பெர்தியோன், வூ பெர்தியே, கடைசியில் பன்மை இல் பெர்தெ. நான்கு இடங்களில் ஒலி ஒன்றுதான், எழுத்துதான் மாறும்.

எதிர்காலம் எனக்கு மிகவும் பிடித்தது. ‘ஈ-ஆர்’, ‘ஐ-ஆர்’ வினைகளில் மூலச்சொல்லை அப்படியே வைத்து முடிவைச் சேர்ப்போம் அல்லவா, இங்கே கடைசி ‘ஈ’யை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டுச் சேர்க்க வேண்டும்: ஜ பெர்த்ரே, த்யு பெர்த்ரா, இல் பெர்த்ரா, நூ பெர்த்ரோன், வூ பெர்த்ரே, இல் பெர்த்ரோன். முடிவுகளை உற்றுக் கேளுங்கள், ஏ, ஆ, ஆ, ஓன், ஏ, ஓன். அவ்வாரின் நிகழ்காலம் காதில் விழவில்லையா? பேச்சு லத்தீனில் மூலவினைக்குப் பின்னால் ‘உடைத்தாயிருத்தல்’ என்ற வினை சேர்ந்து சேர்ந்துதான் இந்த எதிர்காலம் உருவானது. அவ்வார் தெரிந்தவருக்கு இது பாதி தெரிந்த பாடம்.

அதே ‘பெர்த்ர்’ அடியில் அம்பார்ஃபே முடிவுகளை மாட்டினால் ‘அப்படியிருந்தால் தொலைப்பேனே’ வகைக் கோந்திசியோனெல்: ஜ பெர்த்ரெ. எதிர்காலத்து ஜ பெர்த்ரேக்கும் இதற்கும் ஒலி மிக நெருக்கம், பிரெஞ்சுக்காரர்களே எழுதும்போது கோந்திசியோனெலின் கடைசியில் வரும் ‘எஸ்’ஸைப் போடுவதா வேண்டாமா என்று தடுமாறுவார்கள். ‘ஜ’வுக்குப் பதில் ‘நூ’ போட்டுப் பாருங்கள். பெர்த்ரோன் பொருந்தினால் எதிர்காலம், பெர்த்ரியோன் பொருந்தினால் மற்றது.

அப்புறம் சுப்ஜோங்க்தீஃப், ‘வேண்டும்’ போன்றவற்றுக்குப் பின்னால் வரும் வடிவம். ‘நான் காத்திருக்க வேண்டும்’ என்பதற்கு “இல் ஃபோ க ஜாத்தான்த்”. ஒருமையில்கூட ‘த்’ ஒலிக்கிறது, கவனித்தீர்களா? மேலே சொன்ன அந்த ‘ஈ’ இங்கே வந்து சேருவதால்தான்.

ஆக, நிகழ்கால ஒருமையில் மட்டும் ‘த்’ வாயடைத்துக் கிடக்கிறது (ஒருமைக் கட்டளையும் அதே வடிவம்தான்), வேறு எங்கே போனாலும் குரல் கொடுக்கிறது. தமிழ்ப் பாடத்தில் இடைநிலை படித்தோமே, தொலைக்கிறேன், தொலைத்தேன், தொலைப்பேன் என்று நடுவில் வருகிற ஒலிதானே நமக்குக் காலம் காட்டுகிறது? பிரெஞ்சிலும் நடுவில் காதை வையுங்கள். ‘த்’ மட்டும், ‘த்யு’, ‘த்ர்’, இந்த மூன்றில் எது கேட்டது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

‘ப்ராந்த்ர்’ (எடுப்பது) கூட அதே முடிவுதானே? நான் “நூ ப்ராந்தோன்” என்று எழுதினேன், ஆசிரியர் அடித்துவிட்டார். (புதுச்சேரி மாணவர்)

அடித்தது சரிதான், தம்பி. “நூ ப்ரனோன், வூ ப்ரனே, இல் ப்ரென்” என்றுதான் வரும். ஒருமையில் ஜ ப்ரான், இல் ப்ரான் என்று ஒழுங்காக நடந்துவிட்டு, பன்மையில் ‘த்’ திரும்பி வர வேண்டிய இடத்தில் வராமல் ஏமாற்றிவிடுகிறது. இறந்தகாலமும் ப்ராந்த்யு இல்லை, ‘ப்ரி’. அதன் வீட்டுப் பிள்ளைகள் ஆப்ராந்த்ர் (கற்பது), கோம்ப்ராந்த்ர் (புரிந்துகொள்வது), சுர்ப்ராந்த்ர் (வியக்கவைப்பது) எல்லாமே இப்படித்தான். உங்கள் ஊரில் “வூ கோம்ப்ரனே?” என்பதைக் கேட்டிருப்பீர்களே, அதில் எங்காவது ‘த்’ இருக்கிறதா?

சோதனை எளிது. ‘டி-ஆர்-ஈ’யில் முடியும் வினை எது வந்தாலும் ‘நூ’ வடிவத்தை அகராதியில் பாருங்கள். ‘டி’ நிலைத்தால் அது ஒழுங்கான வினை: நூ வாந்தோன் (விற்பது), நூ ரெப்போந்தோன் (பதில் சொல்வது), நூ ஃபோந்தோன் (உருகுவது). ‘டி’ காணாமல் போனால் தனியாகப் படிக்க வேண்டிய வினை. தைப்பதற்கான கூத்ர், ‘நூ கூஸோன்’ ஆகிவிடும், வண்ணம் தீட்டும் பேந்த்ர் ‘நூ பெஞோன்’ ஆகிவிடும். லீர் (படிப்பது), ஃபேர் (செய்வது), புவார் (குடிப்பது) எல்லாம் ‘ஆர்-ஈ’யில் முடிந்தாலும் இந்தக் கூட்டமே இல்லை.

ரோம்ப்ர் என்று ஒன்று உண்டு, உடைப்பது, முறிப்பது. அதில் ‘டி’ கிடையாது, ‘பி’தான், ஆனாலும் நடப்பதெல்லாம் இதே விதிப்படிதான். ஒரே வித்தியாசம், ‘இல்’ வரும்போது ‘பி’க்குப் பின்னால் ஒரு ‘டீ’ (‘டீ கடை’யின் டீ) எழுத வேண்டும். ஒலிக்காது.

“ஜாத்தான் பூர் ல ப்யுஸ்” என்று சொன்னால் ‘பூர்’ வேண்டாம் என்கிறார்கள். பஸ்ஸுக்காகத்தானே காத்திருக்கிறோம்? (சென்னை வாசகர்)

தமிழில் ‘பஸ்ஸுக்காக’, பிரெஞ்சில் பஸ்ஸையே காத்திருக்கிறோம். “ஜாத்தான் ல ப்யுஸ்”, அவ்வளவுதான். சாதத்தைச் சாப்பிடுகிறேன் என்பதுபோல நேராகச் செயப்படுபொருள். ரெப்போந்த்ர் இதற்கு நேர் எதிர், ‘கேள்விக்குப்’ பதில் சொல்கிறேன் என்று நாம் ‘கு’ போடுவது போல அவர்களும் ‘ஆ’ போடுவார்கள்.

இதோடு அந்தாந்த்ரையும் சேர்த்துப் படித்துவிடுங்கள், இது தமிழருக்கு இன்னும் பெரிய சிக்கல். ‘கேள்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறோம், பாட்டு கேட்கிறோம், சத்தமும் கேட்கிறது. பிரெஞ்சில் மூன்றும் வேறு வேறு. ‘எனக்குக் கேட்கிறது’ என்று ‘எனக்கு’ போட்டுச் சொல்லக்கூடிய இடம் என்றால் அந்தாந்த்ர். ‘நான் கேட்கிறேன்’ என்று காது கொடுப்பது எகூத்தே. போனில் குரல் சரியாக வராதபோது “வூ மாந்தாந்தே?” என்று கேட்பார்கள், ‘நான் பேசுவது கேட்கிறதா’ என்று பொருள். “வி, ஜ வூசாந்தான்” என்று பதில் சொல்லுங்கள்.

மெட்ரோவில் பின்னால் நின்றவர் “வூ தெசாந்தே?” என்றார். என்னை இறங்கச் சொல்கிறார் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். (லா சப்பேலிலிருந்து)

பயப்பட வேண்டாம். ‘இந்த நிறுத்தத்தில் இறங்குவீர்களா, இல்லையென்றால் கொஞ்சம் வழி விடுங்கள்’ என்பதுதான் அது. “வி, ஜ தெசான்” என்றோ, “நோன்” என்று சொல்லி ஒதுங்கியோ நின்றால் போதும். வடிவத்தைப் பார்த்தால் கட்டளைக்கும் ‘தெசாந்தே’தான், ஆனால் கட்டளையில் ‘வூ’ வராது. புதுச்சேரியில் பழைய சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்) வீட்டுத் தாத்தாக்கள் “ஆத்தாந்தே, ஆத்தாந்தே!” என்பார்களே, அது கட்டளை, ‘இருங்க, இருங்க’.

இந்தத் தெசாந்த்ருக்கு இறந்தகாலத்தில் ஒரு தனிக் குணம். நான் இறங்கினேன் என்றால் அவ்வார் இல்லை, எத்ர் (‘இருத்தல்’ என்ற வினை): “ஜ ஸ்வி தெசாந்த்யு”. எழுதுபவர் பெண் என்றால் கடைசியில் ஓர் ‘ஈ’ கூடும், ஒலி மாறாது. ஆனால் பெட்டியை இறக்கினேன் என்றால் உடனே அவ்வாருக்குத் திரும்பிவிடும்: “ஜே தெசாந்த்யு லா வலீஸ்”. இறங்கு, இறக்கு என்று தமிழ் வினையை மாற்றுகிறது, அவர்கள் துணைவினையை மாற்றுகிறார்கள். இறங்கினால் எத்ர், இறக்கினால் அவ்வார்.

“பெர்-தில்?” (அவன் தொலைக்கிறானா?) என்று கேள்வியில் புரட்டிச் சொல்லும்போது அந்த ஒலி ‘டி’யா ‘டீ’யா? (பெயர் வேண்டாம் என்றவர்)

எழுதுவது ‘டி’, ஒலிப்பது வல்லினம், ‘தம்பி’யில் வரும் ‘த’. ‘பார்ல்-தில்’ (அவன் பேசுகிறானா) என்பதில் இடையில் ஒரு ‘டீ’யைத் தனியாகச் செருகுவது போல இங்கே எதையும் செருகாதீர்கள். சொல்லின் சொந்த ‘டி’யே எழுந்து வந்து அந்த வேலையைச் செய்துவிடுகிறது.